எருமை அமைதியாகும் நேரம்

இப்போதெல்லாம் மதியத் தூக்கத்தின்போது எருமை கத்திக்கொண்டேதான் இருக்கிறது. நாங்களும் அதன் பக்கத்திலேயே பாயை விரித்துப்போட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். சத்தம் நின்றால்தான் தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்காருகிறோம். போன உப்புக்காலம் வரைக்கும் இது அப்படியே தலைகீழாக இருந்தது.

எருமை என்றால் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர். விளையாட்டுப் பைத்தியங்கள் வாங்குகிற தடித்த லேப்டாப் அது. கோடையில் எங்கள் ஊர் சோலாக்கில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடுமே என்றுதான் அதை வாங்கினோம். கொஞ்சம் வேலை கொடுத்துவிட்டால் போதும், உள்ளே இருக்கிற விசிறி அப்படி ஒரு இரைச்சல் போடும். லொக்தான் அதற்கு எருமை என்று பெயர் வைத்தான். லொக் எங்கள் ஆபீசில் புரோகிராம் எழுதுகிறவன். எதற்கும் ஒரு பெயர் வைக்காமல் விடமாட்டான்.

எங்கள் வேலை இதுதான். மழை நின்று ஆற்றில் தண்ணீர் குறைந்ததும் கடல் உப்பு ஹாம்லுவாங் ஆற்றில் மேலேறி வரும். படகுக்காரர்கள் ஆற்றில் அங்கங்கே உப்பை அளந்து எண்களை அனுப்புவார்கள். எங்கள் பைத்தான் புரோகிராம் அதை வைத்துக்கொண்டு, எந்தக் கால்வாய் வாய்க்கு உப்பு எத்தனை மணிக்கு வரும் என்று கணக்குப் போடும். மதகுக்காரரின் போனுக்குச் செய்தி போகும். அவர் மதகை இறக்கிவிடுவார். உப்பு குடித்த துரியன் பழமரக் கன்று பிழைக்காது. முதலில் இலை ஓரம் கருகும், அப்புறம் மொத்தமும் போய்விடும். சோலாக்கில் வீட்டுக்கு வீடு கன்றுப் பண்ணைதான். ஊரே அந்தக் கால்வாய்களை நம்பித்தான் இருக்கிறது.

என் பெயர் சின். அரசாங்க நீர் அளவு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்ற அலைக் கணக்கு எனக்குத் தெரியும், புரோகிராம் தெரியாது. தெரிந்த கொஞ்சமும் குவே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதுதான்.

குவேதான் இந்தப் புரோகிராமைக் கவனித்துக்கொள்கிறவள். இதே ஊர்ப் பெண். அவள் அம்மாவின் துரியன் கன்றுகள் மதகுக்காரர் சௌ மாமாவின் மதகுக்கு உள்ளே, அந்தக் கால்வாய்த் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. பண்ணைச் சங்கத்தில் சௌ மாமா வைத்ததுதான் சட்டம். “நாக்குல தொட்டுப் பாத்தாலே எனக்கு உப்பு தெரியும், எனக்கு எதுக்கு உங்க மெசேஜ்?” என்று இருந்த மனிதரை நாலைந்து தடவை வீட்டுக்கே போய்க் கரைத்தவள் குவே.

அந்த சௌ மாமா ஒரு நாள் காலையில் ஆபீசுக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டார். நேராக குவேயின் மேசைக்குப் போய் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்தார்.

“குடிச்சுப் பாரு.”

அவள் ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது.

“அமாவாசை அன்னிக்குக் கால்வாய்க்குள்ள எடுத்தது. உன் மெசேஜ் வந்தப்போ நான் இதைத்தான் சப்புக்கொட்டிக்கிட்டு நின்னேன். உப்பு உள்ள வந்து கால்நீட்டி உட்கார்ந்த பிறகு ‘உப்பு வரப் போகுது’ன்னு மெசேஜ் வருது!”

“மாமா, புதுசா நிறைய கால்வாய் சேர்த்தோம். அதுல புரோகிராம் மெதுவாயிடுச்சு. சரி பண்ணிடறேன்.”

“வர்ற வெள்ளிக்கிழமை பௌர்ணமி. பெரிய அலை. அன்னிக்கு உப்புக்கு முன்னாடி மெசேஜ் வந்தா சரி. இல்லேன்னா சங்கத்துல முடிவு பண்ணிட்டோம். மதகை இறக்கிட்டு, மழை வர்ற வரைக்கும் தூக்கவே போறதில்ல.”

“அத்தனை நாளா? கன்னுங்களுக்குத் தண்ணி?”

“அதான். உங்க அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். பெரிய பீப்பாய் வாங்கி வச்சுக்கச் சொன்னேன்.”

அவர் போன பிறகு குவே அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவிடம் இருக்கிற கன்றுகளுக்குப் பீப்பாய்த் தண்ணீர் இரண்டு நாள் தாங்காது. அது எனக்கும் தெரியும்.

“புது கம்ப்யூட்டர் கேட்டுடலாம்,” என்றான் லொக். “எருமைக்கு வயசாச்சு.”

“எங்க நேரம் போகுதுன்னே தெரியாம எதை மாத்தறது அண்ணா? முதல்ல ப்ரொஃபைலர் போட்டுப் பாக்கறேன்.”

ப்ரொஃபைலர் என்பதும் ஒரு புரோகிராம்தான். நம் புரோகிராம் ஓடும்போது கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கும். எந்த வேலை எத்தனை தடவை நடந்தது, எதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று கடைசியில் ஒரு அட்டவணை கொடுக்கும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! குவே அதைத் தட்டிவிட்டதுமே திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

“என்னம்மா சொல்லுது?”

“வேலையைப் பொட்டலம் கட்டி அனுப்ப முடியலையாம் அத்தை.”

“தனியா ஓடும்போது ஒழுங்காத்தானே ஓடுது?”

“அதானே! ப்ரொஃபைலர் பக்கத்துல வந்து நின்னாத்தான் மக்கர் பண்ணுது.”

“நல்ல நாள் எல்லாம் நல்லாப் பேசிட்டு மாமியார் வந்தா ஊமையாயிடுற மருமக மாதிரி,” என்றான் லொக்.

“நீங்க பேசாதீங்க அண்ணா. எட்டு ஆளுக்குப் பிரிச்சுக் கொடுன்னு இதை எழுதினதே நீங்கதான்.”

உண்மை. போன வருடம் லொக் அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே எட்டு வேலையாட்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற மாதிரி எழுதிவிட்டு, ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தான். குவே மதியம் வரைக்கும் இணையத்தில் தேடினாள். பல ஊர்க்காரர்கள் இதே சிவப்பு எழுத்தைப் பார்த்து அழுதிருந்தார்கள். கடைசியில் விஷயம் பிடிபட்டது. வேலையாட்களுக்கு வேலையை அனுப்பும்போது, ‘முதல் வீட்டில், இந்த அறையில் இருக்கிறது’ என்று முகவரி எழுதி அனுப்புமாம். ப்ரொஃபைலர் மூலமாக ஓட்டினால் ப்ரொஃபைலரே முதல் வீட்டில் குடியேறிவிடுகிறது. அங்கே போய்த் தேடினால் நம் அறை எப்படி இருக்கும்? குவே கணக்குப் போடும் பகுதிகளையெல்லாம் தனிக் கோப்புக்கு, அதாவது தனி வீட்டுக்கு மாற்றினாள். சிவப்பு எழுத்து போய்விட்டது.

மறுநாள் அட்டவணை வந்தது. மூவரும் திரைமேல் கவிழ்ந்தோம். முக்கால்வாசிக்கும் மேலான நேரம் ஒரே வரியில் இருந்தது. குவே சத்தமாகப் படித்தாள்: “காத்திருந்தது.”

“என்னது?”

“காத்திருந்ததாம் அத்தை. வேற ஒண்ணுமே செய்யலையாம்.”

லொக் மேசையைத் தட்டிச் சிரித்தான். “ஏய், இது புரோகிராமோட ரிப்போர்ட் இல்ல, நம்ம ஆபீஸ் ரிப்போர்ட்! முதலாளிகிட்ட காட்டிடாத!”

குவேக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். எதிரே ரோடு போடும் வேலை. குடையின் கீழ் மேஸ்திரி நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஆட்கள் வளைவுக்கு அந்தப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

“அண்ணா,” என்றாள் திடீரென்று. “இது மேஸ்திரியை மட்டும்தான் பாக்குது!”

“எந்த மேஸ்திரி?”

“ப்ரொஃபைலர்! வேலையைப் பிரிச்சுக் கொடுக்கறவர் பக்கத்துல மட்டும் கடிகாரத்தோட நிக்குது. அவர் கொடுத்துட்டு சும்மா காத்துக்கிட்டுத்தானே இருப்பார்? வேலை செய்யற எட்டு பேரும் வேற அறையில. அங்க யாரும் பாக்கவே இல்ல.”

“அப்போ எட்டு கடிகாரம் வேணுமா?”

“வேண்டாம். எட்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டு, ஒரே ஆளை என் கண்ணு முன்னாடி ஒரே ஒரு கால்வாய்க்குக் கணக்குப் போடச் சொல்றேன்.”

அப்படிச் செய்ததும்தான் உண்மை வெளியே வந்தது. அட்டவணையின் உச்சியில் என்னுடைய அலைக் கணக்குதான் இருந்தது. கணக்கில் பிழை இல்லை, கடவுள் புண்ணியம். வருடம் முழுவதற்கும் நான் போட்டுக் கொடுத்த அந்தப் பெரிய கோப்பை, புரோகிராம் ஒவ்வொரு கால்வாய்க்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் புதிதாகத் திறந்து, முதலிலிருந்து படித்து, மூடி, மறுபடி திறந்துகொண்டிருந்தது.

“ஒவ்வொரு கவளத்துக்கும் அரிசி வாங்கக் கடைக்குப் போயிட்டு வந்திருக்கு,” என்றாள் குவே. “யாரு எழுதினது அண்ணா இதை?”

லொக் கூரையைப் பார்த்தான். “பழைய புரோகிராம். யாரோ எழுதியிருப்பாங்க.”

“யாரோவோட பேரு மேலேயே போட்டிருக்கு. ல, பக்கத்துல ஒரு கொம்பு...”

“சரி சரி, கரும்புச்சாறு என் செலவு!”

கோப்பை ஒரே தடவை படித்து வைத்துக்கொள்கிற மாதிரி அவள் மாற்றினாள். அன்று காலை வந்த எண்களைக் கொடுத்து ஓட்டினோம். எருமை ஒரு கத்துக் கத்தியது. லொக்கின் காபியில் பனிக்கட்டி உருகுவதற்குள் முடிவு வந்துவிட்டது. கரும்புச்சாறு குடித்தோம். குவே அம்மாவுக்குப் போன் போட்டு, “பீப்பாய் வாங்காதே,” என்றாள்.

அங்கேதான் நாங்கள் அவசரப்பட்டுவிட்டோம்.

அலை தினமும் ஒரே நேரத்துக்கு வராது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பிந்தும். படகுக்காரர்களும் அலையைப் பார்த்துத்தான் அளப்பார்கள், அதனால் எண்களும் பிந்தும். வியாழக்கிழமை நாங்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிற நேரத்தில்தான் எண்கள் வந்தன. குவே புரோகிராமை ஓடவிட்டாள். புளிப்பு மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டோம். விளக்கை அணைத்தோம்.

மதியத் தூக்கம் என்றால் எங்கள் ஊரில் விளையாட்டில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டு, மேசைக்கடியிலும் நடைபாதையிலும் பாயும் மடக்குக் கட்டிலும் போட்டு, அத்தனை பேரும் படுத்துவிடுவோம். அந்த நேரத்தில் போனில் பேசுகிறவனை யாரும் மன்னிக்கமாட்டார்கள். எனக்கு அந்த நேரத்தில் பிடித்ததே அந்த அமைதிதான். கொஞ்ச நேரம் இரைந்துகொண்டிருக்கிற எருமைகூட அடங்கிவிடும்.

தூங்கி எழுந்து பார்த்தால் புரோகிராம் இன்னும் முடியாமல் நிதானமாக ஓடிக்கொண்டே இருந்தது. முடிவு வந்தபோது, உப்பு கால்வாய்க்கு வந்து சேரும் நேரம் தாண்டியிருந்தது. வியாழக்கிழமை அலை பௌர்ணமி அலை அளவுக்குப் பெரிதில்லை, அதனால் மதகடி வரைக்கும்தான் வந்தது. இல்லையென்றால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

குவேயின் முகம் வெளுத்துவிட்டது. அதே எண்களை உடனே மறுபடி ஓட்டினாள். காபியில் பனிக்கட்டி உருகுவதற்குள் முடிந்தது!

“பேய்,” என்றான் லொக், சீரியஸாக. “மதியத்துல தனியா விட்டா ஏதோ வந்து உக்காருது. ஊதுபத்தி ஏத்தி ஒரு சீப்பு வாழைப்பழம் வை.”

“அண்ணா, எனக்கு அழுகை வருது, சும்மா இருங்க.”

நல்ல வேளையாக மதிய ஓட்டத்தில், ஒரே ஆளாக ஓடிய ஒரு கால்வாய்க்கு ப்ரொஃபைலரையும் விட்டுவைத்திருந்தாள். மதிய அட்டவணையையும் மறு ஓட்டத்து அட்டவணையையும் அருகருகே வைத்தாள். சாயங்காலம் வரை பார்த்தாள்.

“விசித்திரமா இருக்கு அத்தை. எந்த ஒரு வேலையும் தனியா வீங்கல. கூட்டறது, கழிக்கறது, படிக்கறது, எல்லாமே ஒரே மாதிரி மும்மடங்கு ஆகியிருக்கு.”

“அப்படின்னா?”

“ஒரு பையன் லேட்டா வந்தா அவனைக் கேக்கலாம். ஸ்கூலே லேட்டா வந்தா அந்தப் பசங்களைத் திட்டி என்ன செய்ய? வர்ற வழியில பாலத்துல ஏதோ ஆயிருக்கணும். தப்பு புரோகிராம்ல இல்ல. எருமைக்குத்தான் மதியம் ஏதோ ஆகுது.”

சூடு என்று சந்தேகப்பட்டாள். வெள்ளிக்கிழமை காலையிலேயே வீட்டிலிருந்து ஒரு மேசை விசிறி கொண்டுவந்து எருமையின் முதுகுக்கு வைத்தாள். எண்கள் வரக் காத்திருந்தோம். நாங்கள் கடைசிக் கவளம் சாப்பிடும்போதுதான் வந்தன. பெரிய அலை. என் கைக்கணக்குக்கே தெரிந்தது, உப்பு நன்றாக மேலே ஏறும். ஆனால் சௌ மாமாவின் மதகுக்கு எப்போது என்பதை எருமைதான் சொல்லவேண்டும்.

ஓடவிட்டாள். இரைச்சல் ஆரம்பித்தது. விளக்கு அணைந்தது. குவே மட்டும் படுக்காமல் எருமை பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“படு புள்ள,” என்றான் லொக் கட்டிலிலிருந்து, கைக்குட்டையைக் கண்மேல் போட்டபடி. “நீ முறைச்சுப் பாத்தா அது வெக்கப்படும்.”

“நீங்க தூங்குங்க.”

நான் அவள் காலடியில் பாயில் படுத்திருந்தேன். யாரோ புரண்டார்கள். யாரோ குறட்டையை ஆரம்பித்தார்கள். எனக்குக் கண் சொக்கிக்கொண்டு வந்தது. எருமை அடங்கியது. அப்பாடா என்று நானும் கண்ணை மூடினேன்.

“அத்தை.” குவே என் தோளை உலுக்கினாள். “சத்தம் ஏன் நின்னுச்சு?”

“தினமும் நிக்கறதுதானேம்மா,” என்றேன் தூக்கத்தில். “அதுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணாமா?”

“தினமுமா?”

அவள் போனில் வெளிச்சம் போட்டாள். எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு, அதாவது கரண்ட் ஒயரைப் பிடித்துக்கொண்டு, முட்டிபோட்டு நகர்ந்தாள். ஒயர் மேசைக்கடியில் போய், சுவரோரம் திரும்பி, லொக்கின் மடக்குக் கட்டிலுக்குக் கீழே, நாலைந்து பிளக் செருகும் நீட்டுப்பெட்டியில் முடிந்தது. நீட்டுப்பெட்டியின் சிவப்பு விளக்கு எரியவில்லை. அதன் சுவிட்ச் மேல் லொக்கின் கால் கட்டைவிரல் இருந்தது. ஆள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

குவே அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கி அப்பால் போட்டாள். சுவிட்சைத் தட்டினாள். எருமை அலறியது. ஆபீசே எழுந்து உட்கார்ந்தது.

“யாரு... யாரு அதை எழுப்பினது?” என்றான் லொக்.

“நீங்க தூங்க வச்சதை நான் எழுப்பினேன்! தினமும் சுவிட்சை அணைக்கிறீங்களா?”

“நானா? இல்லையே.” காலைப் பார்த்தான். நீட்டுப்பெட்டியைப் பார்த்தான். “...அது, இரைச்சல்ல தூக்கம் வராது. ஆனா கம்ப்யூட்டர் நிக்காதே! பேட்டரியில ஓடிக்கிட்டுத்தானே இருக்கும்? எழுந்ததும் கெட்டில்ல டீக்குத் தண்ணி வைக்கத் திரும்பப் போட்டுடுவேன்.”

“ஓடாது அண்ணா, நொண்டும்! பேட்டரியை மிச்சம் பிடிக்கணும்னு மெதுவாயிடும். அதனாலதான் சத்தமும் நிக்குது!”

“அப்போ அந்தப் பேய்...”

“உங்க கட்டைவிரல்!”

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. குவேதான் என்று நினைக்கிறேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், அதில் எவ்வளவு சிரிப்பு எவ்வளவு அழுகை என்று சொல்ல முடியாது. நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் எருமை முடிவைத் துப்பிவிட்டது. உப்பு வர இன்னும் நேரம் இருந்தது. செய்தி சௌ மாமாவின் போனுக்குப் பறந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. “குவே, இது தூங்குற நேரம். அவரும் தூங்கிக்கிட்டுல்ல இருப்பார்?”

சிரிப்பு நின்றது. குவே போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். நாங்கள் எல்லோரும் கேட்கவேண்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்தாள். சௌ மாமாவின் மனைவி ரகசியக் குரலில் பேசினார்.

“யாரும்மா இந்நேரத்துல? அவர் ஊஞ்சல்ல கண்ணசந்துட்டார்.”

“எழுப்புங்க அத்தை! மதகு!”

“ஐயோ, நான் மாட்டேன். முப்பது வருஷமா இந்த வீட்டுல யாரும் அவரைத் தூக்கத்துல எழுப்பினது இல்ல.”

“அப்போ போனை அவர் காதுல வைங்க, நான் எழுப்பறேன்!”

சரசரவென்று ஏதோ சத்தம். பெரிய மூச்சு ஒன்று கேட்டது. குவே கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கத்தினாள். “சௌ மாமா! உப்பு!”

அந்தப் பக்கம் ஊஞ்சல் அதிர்ந்தது எங்களுக்கே கேட்டது. அப்புறம் அவர் திட்டினார். அதை எல்லாம் இங்கே எழுத முடியாது. திட்டிக்கொண்டே செருப்பைத் தேடினார், திட்டிக்கொண்டே ஓடினார். போன் கட்டாகிவிட்டது.

அதற்குப் பிறகு யாருக்கும் தூக்கம் வரவில்லை. லொக் எல்லோருக்கும் டீ வைத்தான், கேட்காமலேயே. டீ ஆறிய பிறகுதான் போன் அடித்தது.

“இறக்கிட்டேன்,” என்றார் சௌ மாமா, மூச்சு வாங்க. “இறக்கிட்டு அங்கேயே நின்னு பாத்தேன். கொஞ்ச நேரத்துல வெளிப்பக்கம் நாக்குல வச்சேன். கரிக்குது. உள்பக்கம் நல்ல தண்ணி.”

நான்தான் குவேயிடமிருந்து போனை வாங்கினேன். “அப்போ சங்கம் என்ன சொல்லுது?”

“சங்கம் என்ன சொல்றது, நான் சொல்றேன். உப்பு வடிஞ்சதும் மதகைத் தூக்குவேன், வரும்போது இறக்குவேன். ஆனா ஒண்ணு சின் தங்கச்சி, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. போன தடவை மெசேஜ் லேட்டுன்னு கோவப்பட்டேன். இப்போ சீக்கிரம் வந்து என் தூக்கம் போச்சு!”

குவே என் பாயிலேயே சரிந்து படுத்தாள். அடுத்த நிமிடம் தூங்கிவிட்டாள். வேலை நேரம் ஆரம்பித்து வெகுநேரம் ஆகியும் நாங்கள் விளக்கைப் போடவில்லை. எருமை மட்டும் அடுத்த கால்வாய்களுக்குக் கத்திக்கொண்டிருந்தது. லொக் நீட்டுப்பெட்டிக்கு மேல் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைக் கவிழ்த்து, சுற்றி ஒட்டுநாடா போட்டு இறுக்கினான்.

சனிக்கிழமை சௌ மாமா மறுபடி வந்தார். செருப்பை வாசலில் விட்டார். இந்தத் தடவை இரண்டு பாட்டில்களை மேசையில் வைத்தார்.

“குடிச்சுப் பாரு.”

“எது மாமா உள்பக்கம்?”

“அது... வரும்போது சரியாத்தான் பிடிச்சிருந்தேன். வண்டியில மாறிப்போச்சு.”

“இதுக்கு எதுக்கு யோசனை?” என்று லொக் ஒன்றை எடுத்து மடமடவென்று குடித்தான். உடனே வாசலுக்கு ஓடினான்.

குவே மற்ற பாட்டிலைத் திறந்தாள், நிதானமாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.